அறுபதுக்குத் தொண்ணூறில் ஒரு மூதாதை

ஜாவாவின் கிளாத்தென் ஊரில் ரயில் பாதைக்குத் தெற்கே, பள்ளிவாசலிலிருந்து எண்பத்தைந்து அடி தள்ளி, பர்ஜோனோவின் படக்கடை இருக்கிறது. கடையின் பெயர் 'அபாடி'. என்றும் அழியாதது என்று அர்த்தம். அங்கே அச்சிட்ட படம் வெயில் படாத சுவரில் பதினெட்டு ஆண்டு நிறம் மங்காது என்றும், வெயில் பட்டால் மூன்று ஆண்டுதான் என்றும் பர்ஜோனோவே சொல்லிவிடுவார். பெயரை மாற்றும்படி இதுவரை யாரும் கேட்டதில்லை.

அவர் பிறந்தது 1971இல், பாயாட் என்ற சிற்றூரில். தகப்பனார் பைமின், சந்தையில் தாவெட் விற்றவர். தேங்காய்ப்பாலும் பனைவெல்லப் பாகும் பச்சை மாவு முத்துகளும் கலந்த அந்தப் பானத்தை இரண்டு மண்பானைகளில் ஊற்றி, மூங்கில் காவடியில் தொங்கவிட்டு, நாற்பத்தேழு ஆண்டு தோளில் சுமந்தார். மகன் தோளைத் தப்ப வைத்துக்கொண்டு, பதினெட்டு வயதில் டவுனுக்கு வந்து ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் சேர்ந்தார். பத்தொன்பது ஆண்டு சிவப்பு விளக்கடியில் நின்றார். 2008இல் ஸ்டூடியோவை மூடினார்கள். 2011இல் ஸெமாராங்கில் விளம்பரப் பதாகை அடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய இங்க்ஜெட் பிரிண்டரை வாங்கி வந்தார். நாற்பத்து நான்கு அங்குல அகலம். கருஞ்சிவப்பு மை வரும் துளைகளில் பாதி அடைபட்டிருந்தது. அது அவருக்குத் தெரியவர நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதத்தில் கல்யாணமான பெண்கள் எல்லாரும் இன்றுவரை தத்தம் வரவேற்பறையில் சற்றே பச்சையாக இருக்கிறார்கள்.

கிளாத்தெனில் ஒருவருக்கு ஐம்பது வயது தாண்டி, சின்னதாக ஒரு பதவியும் வந்து, வீட்டில் வெறுஞ்சுவர் ஒன்றும் இருந்துவிட்டால் அவர் காகிதத்தில் படம் போடச் சம்மதிக்க மாட்டார். கேன்வாஸ்தான் வேண்டும். அதுவும் அச்சடித்தது என்று தெரியக்கூடாது. ஓவியர் யாரோ மூன்று மாதம் எதிரே உட்கார்ந்து தீட்டியதுபோல இருக்கவேண்டும். இதற்காகப் பர்ஜோனோ கேன்வாஸ் காய்ந்த மறுநாள், நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் தொட்டு, கன்னத்தில் வளைவாகவும் சட்டையில் நீளவாக்கிலும் கோடு இழுப்பார். விரலால் தடவிப் பார்த்தால் நெருடும். ஆள் நெருடுவது போதாது என்று படமும் நெருடவேண்டும் என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

வட்டாரத் தலைவர் பாக் முஜி ஒருமுறை தன் படத்தை வெகுநேரம் பார்த்தார். அங்கே பெரியவரைப் 'பாக்' என்றும், அண்ணன் முறையில் 'மாஸ்' என்றும், மூத்த பெண்ணை 'இபு' என்றும் அழைப்பார்கள்.

"மாஸ், இதுல நான் இன்னும் கொஞ்சம் ஒல்லியா இருக்கலாம்."

"அதுக்கென்ன பாக். கேன்வாஸைச் சட்டத்துக்குப் பின்பக்கம் மடிச்சு அடிக்கிறோம்ல, ரெண்டு பக்கமும் நாலு நாலு சென்டிமீட்டர் உள்ள தள்ளிடறேன். தொப்பை பின்னாடி போயிடும்."

"சுவத்துப் பக்கமா?"

"ஆமா பாக். பல்லி மட்டும்தான் பாக்கும்."

யோக்யகார்த்தாவிலிருந்து வரும் கல்லூரிக்காரர்கள் வேறு சாதி. அவர்களுக்கு முசுக்கட்டைப் பட்டையை அடித்துச் செய்த காகிதம் வேண்டும்; வாழைநார்க் காகிதம் வேண்டும்; ஓரம் கிழிந்திருக்கவேண்டும். அந்தக் காகிதங்கள் மையைக் கண்டால் தாகமெடுத்த மாடு மாதிரி குடித்துவிடும். கண் இமை புருவம் வரை பரவிவிடும். ஆகவே முன்னதாக மரவள்ளி மாவுக் கஞ்சியை இரண்டு பூச்சு பூசி, நிழலில் உலர்த்தி, ரப்பர் உருளையால் தேய்த்து, தூக்கிக்கொண்டிருக்கும் நார்களை முகச்சவரக் கத்தியால் எடுத்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பார். ஒரு நார் விட்டுப்போனால் பிரிண்ட் ஹெட் உரசி அரை நாள் வேலை போகும். ஒரு மணப்பெண்ணின் கன்னத்தில் வாழைநார் ஒன்று குறுக்கே ஓடிவிட்டது. பெண்ணின் தாய், "இது என்ன தழும்பு?" என்று கேட்டாள். அதே காகிதத்தில் அதே நார் ஒரு பேராசிரியரின் கன்னத்தில் ஓடியபோது, அவர் அதைக் கண்காட்சியில் நடுவில் மாட்டினார்.

இப்படி எல்லாருக்கும் அவரவர் விரும்பும் முகத்தை அச்சடித்துக் கொடுத்துக்கொண்டு இருந்த மனிதரிடம், 2022 பிப்ரவரி 17, வியாழக்கிழமை, பாக் சுதர்சோ வந்து சேர்ந்தார்.

பாக் சுதர்சோ ஐந்து வீடு தள்ளிக் குடியிருப்பவர். பாசனத் துறையில் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வீரோநகோரோ வம்சச் சங்கத்தின் தலைவர். ஜாவாவில் நல்ல குடும்பம் என்றால் அதற்கு ஒரு மூதாதை உண்டு. மூதாதை உண்டென்றால் சங்கம் உண்டு. சங்கம் உண்டென்றால் நோன்புப் பெருநாள் கழிந்து ஆண்டுக்கொரு முறை கூடி, யார் யாருக்கு எத்தனையாவது தலைமுறை என்று வம்சாவளியைச் சரிபார்ப்பார்கள். தொற்றுநோயால் இரண்டு ஆண்டு கூட்டம் நடக்கவில்லை. மூன்றாம் ஆண்டு ஈடுகட்ட வேண்டியிருந்தது. போதாக்குறைக்குப் பக்கத்துத் தெருச் சங்கத்தில் தங்கள் மூதாதையின் படம் ஒன்றை மாட்டியிருந்தார்கள்.

"மாஸ், எங்க ஏயாங் வீரோநகோரோவோட ஃபோட்டோ ஒண்ணு வேணும்." பாட்டன்மாரை அவர்கள் ஏயாங் என்றுதான் மரியாதையாகச் சொல்வார்கள்.

"பழைய படத்தைக் குடுங்க பாக். கிழிசல் எல்லாம் சரி பண்ணித் தரேன்."

"இருந்தா உங்ககிட்ட நான் ஏன் வரேன்?"

"சரி, எந்த வருஷம் காலமானாங்க?"

"ஆயிரத்து எண்ணூத்து முப்பத்தொண்ணு."

"அப்ப கேமராவே வரலையே பாக்."

பாக் சுதர்சோ பாசனத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டு இருந்தவர். தண்ணீர் வராத இடத்துக்கும் வாய்க்கால் வெட்டியவர். ஒரு நிமிடம்தான் யோசித்தார்.

"அப்ப ஓவியம்னு போட்டுடுங்க. கேன்வாஸ்தானே?"

முகத்துக்கு ஆதாரமாகச் சங்கத்திலிருந்து பதினோரு பேரின் புகைப்படங்கள் வந்தன. மூக்கு பாக் சுதர்சோவுடையது, காது அவர் தம்பியுடையது, நெற்றி இபு ரெத்னோவுடையது என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்கள். பர்ஜோனோ கணினியில் பதினொன்றையும் சேர்த்தார். வயிற்று வலியுள்ள ஒரு தாலுகா அதிகாரி வந்தார். இரண்டாம் முறை மீசை வைத்துப் பார்த்தார். அதே அதிகாரிக்கு மீசை. மூன்றாம் முறை காட்டியபோது சங்கத்தின் மூத்தவரான இபு ரெத்னோ, "இவரு ஏயாங் இல்ல. இவரு நம்ம ஏயாங்கிட்ட மனு குடுக்க வந்தவரு" என்று சொல்லிவிட்டாள்.

நோன்பு தொடங்கி இருபது நாள் ஆயிற்று. கூட்டம் மே 5ஆம் தேதி. பூசி, காயவைத்து, சட்டம் அடிக்க எட்டு நாளாவது வேண்டும். பர்ஜோனோவிடம் கோட்டும் தலைக்கட்டும் முதுகில் குத்துவாளுமாக, ஜாவாப் பிரபு போல நிற்கும் ஒருவரின் நல்ல படம் ஒன்றே ஒன்று இருந்தது. அது அவர் தகப்பனாருடையது.

1986இல் அக்கா துமினாவின் கல்யாணத்தில் எடுத்தது. பைமின் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான் அந்த உடுப்பைப் போட்டார். வாடகை உடுப்பு. நாற்பத்தைந்து வயது, ஒட்டிய கன்னம், கூர்மூக்கு, நுனி ஏறிய மீசை. கோட்டுக் கழுத்து இறுக்கியதால் முகம் தானாகவே நிமிர்ந்து, உலகத்தைக் கொஞ்சம் கீழாகப் பார்ப்பதுபோல இருந்தது. அவருடைய படம் என்று குடும்பத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

"கண்ணை மாத்திடுவேன், வாயை மாத்திடுவேன்," என்று மனைவி சர்ஜியெமிடம் சொன்னார். "கொஞ்சமா, ஒரு ஆதாரத்துக்கு மட்டும்."

"மாத்தினா சரி," என்றாள் அவள்.

கண்ணை மாற்றிப் பார்த்தார், மூக்கு ஒத்துழைக்கவில்லை. மூக்கை மாற்றினால் மீசை தனியாக நின்றது. கடைசியில் பின்னால் ஒரு தூணும் திரையும் போட்டு, கோட்டுக்குத் தங்கப் பொத்தான் வைத்து, முகத்தை அப்படியே விட்டுவிட்டார்.

இபு ரெத்னோ படத்துக்கு முன்னால் மண்டியிட்டுவிட்டாள். "இந்த மூக்கைப் பாருங்க. இது அப்படியே சுதர்சோ மூக்கு." பாக் சுதர்சோவின் மூக்கு நசுங்கிய கொய்யாக்காய் மாதிரி இருக்கும். அன்றிலிருந்து அவர் எதிரில் வருபவர்களுக்கு முகத்தை ஒருச்சாய்த்தே காட்டினார்.

"ஒரே ஒரு குறை மாஸ்," என்றார். "ரொம்பப் புதுசா இருக்கு. கொஞ்சம் வெடிப்பு விழ வைக்க முடியுமா?"

மடிக்கும் இடத்தில் மை வெடித்துவிடக்கூடாதே என்று பதினோரு ஆண்டு பயந்து பயந்து கேன்வாஸ் இழுத்தவர் பர்ஜோனோ. அன்று இன்னொரு பிரதி எடுத்து, வார்னிஷ் அடிக்குமுன் உருளையில் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாக நெரித்து, வெடிப்புகளில் தேயிலைச் சாயத்தைத் தேய்த்தார். தகப்பனார் நெற்றியில் மட்டும் நெரிக்கக் கை வரவில்லை. அந்த இடம் வழவழவென்று இருந்தது. தெய்வக்களை என்று சங்கத்தார் சொன்னார்கள்.

மே 5ஆம் தேதி இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அந்தப் படத்தை வணங்கினார்கள். கிளைகளுக்கு முப்பத்தேழு பிரதி போயிற்று. அதில் ஒன்பது முசுக்கட்டைக் காகிதத்தில். பர்ஜோனோவுக்கு மனது உறுத்தினாலும், உறுத்தல் சகிக்கும்படிதான் இருந்தது. அப்பா பாயாட் சந்தையைத் தாண்டியதில்லை. டவுனில் அவரை அறிந்தவர் இல்லை.

ஜூலை மாதம் அக்கா துமினா பஸ் ஏறி வந்தாள்.

பைமின் இறந்தது 2019 நவம்பர் 11. இறந்த நாளையும் சேர்த்து எண்ணினால் ஆயிரமாவது நாள் 2022 ஆகஸ்ட் 6, சனிக்கிழமை. இறந்தவருக்குச் செய்யும் கடைசிப் பிரார்த்தனை அது. அது முடிந்த பிறகுதான் மண்மேட்டின் மேல் பெயர் பொறித்த கல் வைக்கலாம். பாயாட் வீடு சின்னது. ஆகவே பிரார்த்தனை தம்பி வீட்டில் என்று அக்கா முடிவு செய்துவிட்டு வந்திருந்தாள்.

"ஊர்ல இருக்கிற எல்லாத் தொந்தியையும் துணியில அடிச்சு மாட்டற. பெத்தவருக்கு ஒண்ணு அடிச்சியாடா? அறுபதுக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர். அதுக்கு ஒரு விரற்கடை குறையக்கூடாது."

"வாழைநார்க் காகிதத்துல போடலாம்க்கா. லேசான மையில. கலையா இருக்கும்."

மாதிரி எடுத்துக் காட்டினார். அக்கா தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "அப்பாவுக்கு மஞ்சக்காமாலை வந்தப்பக்கூட இதைவிடத் தெளிவா இருந்தாரு."

இரண்டாவது மாதிரியில் மீசையை எடுத்துவிட்டுக் காட்டினார்.

"இது யாரு?"

"அப்பாதான்."

"யாரு அப்பா?"

அதற்குமேல் மறைக்க முடியாமல் நடந்ததைச் சொன்னார். அக்கா கேட்டு முடித்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "அடுத்த வீட்டு ஆளுங்க நம்ம அப்பாவைக் கும்பிடறாங்க, நாம ஒளிச்சு வைக்கணுமா? அன்னைக்கு நம்ம வீட்டுச் சுவத்துல அவரு இல்லேன்னா, கல்லுல பேரு இருந்தும் பிரயோஜனமில்ல. மாட்டுடா."

ஐந்து வீடு தள்ளியிருப்பவரை அழைக்காமல் விட அந்த ஊரில் வழி கிடையாது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நாற்பத்தாறு ஆண்கள் பாயில் சம்மணமிட்டார்கள். பாக் சுதர்சோவுக்கு மரியாதையாக நடு இடம் கொடுத்தார்கள். அது படத்துக்கு நேர் எதிர். ஓதல் தொடங்கி ஏழாவது நிமிடம் அவர் கண்ணை உயர்த்தினார். மீதி முப்பத்தைந்து நிமிடமும் அவர் ஒரு சொல்கூட ஓதவில்லை.

சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு எல்லாரும் போன பிறகும் அவர் உட்கார்ந்திருந்தார்.

"மாஸ், இது யாரு?"

"எங்க அப்பா, பாக். பைமின். பாயாட் சந்தையில தாவெட் வித்தவரு. நோன்பு நேரம், நாள் இல்ல, நான் அவர் முகத்தை..."

"மெதுவா பேசுங்க." பாக் சுதர்சோ எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். முப்பத்தேழு பிரதி. ஒன்பது முசுக்கட்டை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மறுபடி உட்கார்ந்து, வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்.

"பதினோரு பேரு முகத்தைச் சேர்த்தீங்க. ஏயாங் வந்தாரா?"

"இல்ல பாக்."

"இந்த ஒரு முகத்தை வெச்சீங்க. வந்தாரா இல்லையா?"

"வந்தாருன்னு நீங்கதான்..."

"அப்ப நீங்க எடுத்து வைக்கலே மாஸ். ரத்தம் எடுத்துக் குடுத்திருக்கு. உங்க அப்பா எங்க ஆளு. நாலாவது கிளையில ஒரு பேரன் டச்சுக்காரனோட சண்டை நடந்த காலத்துல தெக்கால போயித் தொலைஞ்சிட்டதா வம்சாவளியில இருக்கு. பாயாட் தெக்காலதானே?"

மறுவாரமே சங்கத்தின் மூன்று பெரியவர்கள் வாழைத்தாரும் வெள்ளை உறையில் ஒரு கடிதமுமாக வந்தார்கள். பர்ஜோனோவை நாலாவது கிளையில் சேர்த்தாயிற்று. அப்பாவின் கல்லைச் சங்கமே தரும். வெள்ளைப் பளிங்கு. பொறிக்க வேண்டியது: 'ராடென் பைமின் வீரோநகோரோ'. ராடென் என்பது பிரபுக்களின் பட்டம்.

அக்கா துமினா அதற்குள் மாறிவிட்டாள். "பளிங்குடா. என் மாமியார் உசிரோட இருந்தப்ப தாவெட்காரன் பொண்ணுன்னு சொல்லியே என்னைத் தண்ணி எடுக்க வெச்சா. அவ கல்லு சிமெண்டு. பக்கத்து வரிசையிலதான் கிடக்குறா."

"அப்பா தாவெட்காரர்தானேக்கா."

"உசிரோட இருந்தப்ப. ஆயிரம் நாள் ஆயிடுச்சுல்ல."

வந்த பெரியவர்கள் காத்திருந்தார்கள். பர்ஜோனோ எல்லாருக்கும் எல்லா முகத்தையும் கொடுத்தவர். தொப்பையை மடித்தவர், கறுத்த நிறத்தை வெளுத்தவர், வெடிப்பு கேட்டவருக்கு வெடிப்பு கொடுத்தவர். வேண்டாம் என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை, அவரே கேட்டதில்லை. அன்று சொன்னார்.

"அக்கா கல்யாணத்துக்கு அப்பா வாடகைக்கு எடுத்த உடுப்பு பாக் அது. மறுநாள் வெடிகாலையில ஆறு கிலோமீட்டர் நடந்து போயித் திருப்பிக் குடுத்துட்டு, அப்படியே சந்தைக்குப் போனாரு. கல்லுல பட்டத்தோட அவரைப் படுக்க வெச்சா, திருப்பிக் குடுக்க அவரால எந்திரிச்சு வர முடியாது."

பெரியவர்கள் தேநீரைக் குடித்தார்கள். வாழைத்தாரை விட்டுவிட்டுப் போனார்கள். அக்கா இருபத்து மூன்று நாள் பேசவில்லை.

செப்டம்பர் 4ஆம் தேதி பாயாட் இடுகாட்டில் சிமெண்டுக் கல் வைத்தார்கள். கொத்தனாரிடம் எழுத்துகளைப் பர்ஜோனோவே அளந்து கொடுத்தார். 'பைமின். 1941 – 2019. தாவெட் விற்றவர்.'

சங்கத்தார் விட்டுவிடவில்லை. அடுத்த ஆண்டு பெருநாள் கழிந்து, 2023 ஏப்ரல் 25 அன்று, இரண்டு வேன்களில் முப்பத்தொரு பேர் மூதாதையர் கல்லறைகளுக்குப் பூத் தூவப் புறப்பட்டவர்கள், வழியில் பாயாட்டிலும் இறங்கினார்கள். பர்ஜோனோவையும் ஏற்றி வந்திருந்தார்கள். கல்லின் மூன்றாவது வரியை எல்லாரும் படித்தார்கள். சின்ன சலசலப்பு. எல்லாரும் பாக் சுதர்சோவைப் பார்த்தார்கள். அவர் முகத்தை ஒருச்சாய்த்துக்கொண்டு கல்லைப் பார்த்தார்.

"மாறுவேஷம்," என்றார். "டச்சுக்காரன் தேடறான். பிரபுன்னு தெரிஞ்சா சுட்டுடுவான். பேரன் காவடியைத் தூக்கிட்டாரு. யாருக்குச் சந்தேகம் வரும்?"

"எங்க அப்பா பொறந்ததே நாற்பத்தொண்ணுலதான் பாக்," என்றார் பர்ஜோனோ. "அவங்க அப்பாவும் தாவெட்தான். தாத்தாவும்."

"வேஷம் அப்படிப் பொருந்திடுச்சு மாஸ். களைய மனசு வரலே."

முப்பத்தொரு பேரும் தலையாட்டினார்கள். ஒரு பெண் கல்லின் மீது மல்லிகையைத் தூவினாள். அங்கேயே, இடுகாட்டு வாசலிலேயே, சங்கம் இரண்டாவது படத்தை முடிவு செய்தது. காவடியுடன் மாறுவேஷத்தில் இருக்கும் கோலம். அதே அளவு.

பைமினுக்குக் காவடியோடு படம் கிடையாது. சந்தையில் தினமும் பார்க்கும் ஆளை யார் படம் எடுப்பார்கள்? காவடியும் பானைகளும் அக்கா வீட்டுப் பின்கட்டில் இருந்தன. பர்ஜோனோ சட்டையைக் கழற்றிவிட்டு, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, பானைகளில் தண்ணீர் நிரப்பித் தூக்கினார். வெறும் பானையோடு நின்றால் மூங்கில் வளையாது, பொய் தெரிந்துவிடும். சர்ஜியெம் கேமராவைப் பிடித்தாள். ஆறு நிமிடத்தில் தோள் எரிந்தது.

"இன்னும் ஒண்ணு எடுக்கவா மாஸ்?"

"கொஞ்சம் இரு. அப்பா எந்தத் தோள்ல வெப்பாருன்னு ஞாபகம் வரலே."

"எடது," என்றாள் அக்கா சமையலறையிலிருந்து. "வலது கை பாத்திரம் கழுவ வேணும்ல."

கழுத்துக்குக் கீழே மகனும் மேலே தகப்பனாருமாக, கேன்வாஸில் இரண்டு பிரதி எடுத்தார். முகத்தில் ஒன்றையும் மாற்றவில்லை. தலைக்கட்டை மட்டும் எடுத்துவிட்டு நரையைக் கொண்டுவந்தார். ஜெல் தடவவில்லை. வெடிப்பு விடவில்லை. ஒன்று அவர் வீட்டுச் சுவரில், இன்னொன்று பாக் சுதர்சோவின் கூடத்தில் பழைய படத்துக்கு வலப்புறம்.

அதை மாட்டிய அன்று கூடத்தில் ஆறேழு பெரியவர்கள் இருந்தார்கள். பர்ஜோனோ ஆணியில் தொங்கவிட்டு, மட்டப்பலகை வைத்துப் பார்த்து, இறங்கினார். யாரும் மாறுவேஷத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், இபு ரெத்னோ கைத்தடியை ஊன்றிக்கொண்டு படத்தின் அருகே வந்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை கிண்ணம் விப்பாரு?"

"அறுபது, இபு. சந்தை கூடற நாள்னா எண்பத்தஞ்சு."

"பாகு தனியாவா, கலந்தா?"

"தனியா. கேட்டாத்தான் ஊத்துவாரு. கேக்காம ஊத்தினா சின்னப் பசங்க பால் ருசி தெரியாமலே வளந்துடுவாங்கன்னு சொல்லுவாரு."

பெரியவர்களில் ஒருவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் படத்தின் பக்கமாக நகர்த்திக்கொண்டார். "மாவு அரிசியா, சவ்வரிசியா?" என்று கேட்டார்.

பர்ஜோனோ மட்டப்பலகையைக் கீழே வைத்துவிட்டு, சொல்லத் தொடங்கினார்.